மூன்று நிமிடச் சலுகை

இடது கன்னத்தை மழித்து முடித்து வலது கன்னத்தில் நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் தலை அவள் உள்ளங்கையில் கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது. கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, "இன்னும் அஞ்சே நிமிஷம்ப்பா, ஆடாம இருங்க" என்றாள். அவர் ஆடவில்லை. தெருமுனை ஒலிபெருக்கியில் விடிந்ததிலிருந்து மூன்றாவது முறையாக அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாடையோரம் ரேசரை வைத்து ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான், அவர் நெஞ்சின்மேல் போட்டிருந்த துண்டு ஏறி இறங்காமல் கிடப்பதைப் பார்த்தாள்.

மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். சுவர்க்கடிகாரம் ஏழு இருபது காட்டியது.

பிறகு மீதியையும் மழித்தாள். பாதி முகத்தில் நுரையோடு ஒரு மனிதரை விட்டுவிட்டுப் போய் யாரைக் கூப்பிடுவது? ஈரத்துணியால் காது மடல்வரை துடைத்துவிட்டு, ரேசரைக் கழுவி, கிண்ணத்துத் தண்ணீரைச் சாய்த்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மழித்துவிடச் சொன்னதே அவர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. காலையில் கண் விழித்ததும் இடது கையால் முகவாயைத் தேய்த்துக் காட்டினார். "அண்ணன் வர்றதுக்குள்ளயா?" என்று கேட்டாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். ஆமாம் என்று அர்த்தம்.

அண்ணன் ஜெயிலுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தான். வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள் டிப்போ எரிந்தது. காவலாளி ஒருவர் புகையில் மாட்டிக்கொண்டு செத்துப்போனார். பதினோரு பேருக்கு ஆயுள் தண்டனை. அந்த நேரத்தில் தான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து பிரேக் பார்த்துக்கொண்டிருந்ததாக அவன் கோர்ட்டில் சொன்னான். வேலைநிறுத்தத்தின்போது எதற்கு பிரேக் பார்த்தாய் என்று கேட்டார்கள். பிரேக் சரியில்லாமல் இருந்தது என்றான். கோர்ட்டே சிரித்தது.

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் நன்னடத்தைக் கைதிகளில் சிலரை விடுவார்கள். அப்பா வருடம் தவறாமல் ஒரு வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்குப் போவார். மதியம் அதே சட்டையோடு திரும்பி வருவார். அதற்கு முன்னெல்லாம் இந்த நாள் என்றால் அவருக்குக் கொண்டாட்டம்தான். நகராட்சியில் முப்பத்து நான்கு வருடம் தண்ணீர் வால்வு திறந்தவர். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். வால்வுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் இரண்டு மணி நேரத் தண்ணீர். அன்றைக்கு மட்டும் மேலிருந்து உத்தரவு, மூடவேண்டாம் என்று. "மந்திரி வாயில வர்ற சுதந்திரம் எனக்குப் புரியாது, குழாயில வர்றது புரியும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் போனபிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இந்த வருடம் நிஜமாகவே நம்பிக்கை வந்திருந்தது. கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அவள் மனு டைப் அடிக்கிறவள். போன வாரம் வக்கீல் குமாஸ்தா கடைக்கே வந்து, "உங்கண்ணன் பேர் லிஸ்ட்ல இருக்கு. நாப்பத்தோரு பேர்ல பதினேழாவது. என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னார். அன்று மாலை அதை அப்பாவின் காதில் சொன்னபோது, அசையாமல் கிடந்த வலது கையைக்கூட அவர் தூக்கப் பார்த்தார்.

கீழ்வீட்டு அக்காதான் முதலில் வந்தாள். அடுத்தது பெரியப்பா. தம்பியின் முகத்தருகே குனிந்தார். மழித்த கன்னத்தைப் புறங்கையால் தொட்டார்.

"நீ கிளம்பு. பத்து மணிக்கு அவனை விட்டுடுவாங்க. வாசல்ல யாரும் இல்லன்னா தவிச்சுப் போயிடுவான். இங்க நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

"வழியிலயே சொல்லட்டுமா, வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லட்டுமா பெரியப்பா?"

"பஸ்ல வெச்சு சொல்லாதே. கூட்டத்துக்கு நடுவுல அழ முடியாது."

கீழ்வீட்டு அக்கா அலமாரியைத் திறந்து இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அவள் பையில் வைத்தாள்.

அணிவகுப்புக்காகப் பெரிய சாலையை அடைத்திருந்தார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போனது. ஜன்னலுக்கு வெளியே தோரணங்களும், சீருடையில் வரிசையாக நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வெயிலில் ஒரு பெண்பிள்ளை மயங்கி விழுந்ததும், இரண்டு ஆசிரியைகள் அவளைத் தூக்கிப் போனதும் எல்லாம் ஏதோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பதுபோல் இருந்தன. யாராவது அவள் பக்கம் திரும்பி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பக்கத்து இருக்கைக்காரர் முழு வழியும் தூங்கிக்கொண்டே வந்தார்.

சிறை வாசலில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு பை. மதிலுக்கு உள்ளே பாண்டு வாத்தியம் முழங்கி ஓய்ந்தது. பிறகு மைக்கில் யாரோ பேசினார்கள். முன்னோர் ரத்தம் சிந்திப் பெற்ற சுதந்திரம் என்றார்கள். அதைப் பேணிக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்றார்கள். வாசலில் நின்றவர்கள் அதைக் கேட்கவில்லை. இரும்புக் கதவில் இருந்த சின்னக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது திறந்தது. குனிந்து குனிந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவள் எண்ணினாள். பதினேழாவதாக, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்த கிழவர் வந்தார். அவரை அழைத்துப்போக யாரும் வரவில்லை. இருபத்தாறாவது ஆளுக்குப் பிறகு சின்னக் கதவு மூடிக்கொண்டது.

"இன்னும் வரணுமே, நாப்பத்தோரு பேர்னு சொன்னாங்களே?" என்று காவலரிடம் கேட்டாள். அவளைப்போலவே இன்னும் பலபேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் துணை ஜெயிலரே வந்தார். மார்பில் குத்தியிருந்த சின்னக் கொடியைக் கழற்ற மறந்திருந்தார்.

"பேர் இருந்தது உண்மைதான்மா. நேத்து சாயந்திரம் மேலிருந்து போன். டிப்போ கேஸ், ஊர்வலக் கேஸ், அந்த மாதிரி எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லிட்டாங்க. பதினஞ்சு பேர்."

"ஏன் சார்?"

"ஏன்னு திருப்பிக் கேக்கற இடத்துல நான் இல்லம்மா."

அவள் தன் குரலைத் தானே கேட்டாள். "எங்கப்பா இன்னைக்குக் காலையில இறந்துட்டார் சார்."

அவர் அவளை உள்ளே அழைத்துப் போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தார். காவலோடு நான்கு மணி நேர அனுமதி கேட்டு மனு எழுதச் சொன்னார். அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தகப்பனார் காலமானபடியால், இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் பொருட்டு, கனிவுடன் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். யார் யாருக்கோ எத்தனையோ முறை அடித்துக்கொடுத்த வரிகள். தேதி போட மட்டும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க வேண்டியிருந்தது.

துணை ஜெயிலர் படித்துவிட்டு, "மனு சரியா இருக்கும்மா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதுல கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடணும். அவர் இப்பதான் அணிவகுப்பு மேடைக்குக் கிளம்பிப் போனார். கூட அனுப்ப போலீஸ் வேணும், அத்தனை பேரும் இன்னைக்கு பந்தோபஸ்துல இருக்காங்க. இறப்புச் சான்றிதழ் வேணும், ஆபீஸ் லீவு. நாளைக்கு சனி. திங்கக்கிழமை காலையில வாங்க, முதல் வேலையா பார்க்கறேன்."

"திங்கக்கிழமை வரைக்கும் எங்கப்பாவை எங்க சார் வெச்சிருக்கறது?"

அவர் மனுவை மறுபடி ஒருமுறை படித்தார். மோசமான ஆள் என்றால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"லீவு நாள்ல நேர்காணல் கிடையாது. இருந்தாலும் பத்து நிமிஷம் பார்க்க விடறேன். நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

கம்பி வலைக்கு அந்தப்பக்கம் அண்ணன் வந்து நின்றான். அவனும் முகம் மழித்திருந்தான். முன்னந்தலை நரைத்துப்போயிருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சிரித்தான்.

"கூத்தைக் கேளு. எப்படியும் போறோமேன்னு என் பாயையும் போர்வையையும் பக்கத்து ஆளுக்குக் குடுத்துட்டேன். இப்ப திருப்பிக் கேக்கறதுக்குக் கூச்சமா இருக்கு."

அவளால் சிரிக்க முடியவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு காவலர் சுவரில் சாய்ந்து நின்றார். மனு எழுதும்போது அவரும் அந்த அறையில் இருந்தவர்தான்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"காலையில ஷேவ் பண்ணிவிடச் சொன்னார்."

அண்ணன் வலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவர்கிட்ட சொல்லாதே. லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்கன்னு சொல்லவே சொல்லாதே. தாங்கமாட்டார். விட்டுட்டாங்க, டிப்போல உடனே வேலைக்குக் கூப்பிட்டாங்க, வெளியூர்ல வண்டி நின்னுபோச்சு, நேரா அங்க போயிருக்கேன்னு சொல்லு. அடுத்த வருஷம் வரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம். என்ன, சொல்வியா?"

காவலர் சுவரிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வாக்கியம் அவள் தொண்டைவரை வந்தது. இதைச் சொன்னால் அவன் எங்கே போவான் என்று யோசித்தாள். இந்த வலையைத் தாண்டி, அந்த நடைவழியைத் தாண்டி, பாய்கூட இல்லாத ஓர் இடத்துக்குப் போவான். சுற்றிலும் நாற்பது பேர் இருப்பார்கள்.

"அப்பாகிட்ட சொல்லமாட்டேண்ணா" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

வெளியே வரும்போது காவலர் கூடவே நடந்தார். "சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"திங்கக்கிழமை வந்து சொல்றேன் சார். இன்னைக்கு ஒருநாள் போகட்டும்."

அவர் தலையசைத்தார். துணை ஜெயிலரிடமிருந்து மனுத்தாளை அவள் திருப்பி வாங்கி, நான்காக மடித்து, சட்டை இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர இரண்டு மணியாகிவிட்டது. படியேறும்போதே பெரியப்பா அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். உள்ளே திரும்பி, "யாரும் இனிமே வரவேண்டியதில்ல. மூணு மணிக்கு எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். கீழ்வீட்டு அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த நகராட்சி ஆட்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். நால்வருமே கிழவர்கள். விடுமுறை நாளில் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் தன் முழங்காலைக் காட்டி, "படி இறங்கும்போது என்னைப் பின்னாடி போடுங்கப்பா, நான் கவுந்தா எல்லாரும் கவுந்துருவோம்" என்றார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். நால்வரும் குனிந்து பிடி தேடிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

தெரியாத எண். எடுத்தாள்.

"நான்தான்" என்றான் அண்ணன். "இன்னைக்கு மட்டும் எல்லாருக்கும் மூணு நிமிஷம் பேச விட்டிருக்காங்க. சுதந்திர தினச் சலுகையாம். அப்பாகிட்ட குடு."

அவள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் பேசமாட்டார்னு தெரியும். காதுல வெச்சா போதும். நீ சொன்னா நம்பமாட்டார், நானே சொல்லிடறேன். சீக்கிரம், நேரம் ஓடுது."

பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்தினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அடங்கினார்கள். மூலையில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் வாயைக் கீழ்வீட்டு அக்கா தன் கையால் பொத்தினாள். போனை வைத்திருந்தவள் அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, அதை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள். பழைய போன். உள்ளே பேசுவது வெளியே கேட்டது.

"அப்பா, நான்தான்ப்பா. வெளிய வந்துட்டேன்."

வாசலில் நின்ற கிழவர் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பத்து மணிக்கே விட்டுட்டாங்கப்பா. உடனே டிப்போல கூப்பிட்டுட்டாங்க, அதான் வீட்டுக்கு வர முடியல. பஸ்ல போயிட்டிருக்கேன். ஜன்னலோர சீட்டு. காத்து நல்லா அடிக்குது."

அவனுக்குப் பின்னால் ஒரு விசில் ஊதியது. "வரிசையில நில்லுங்கடா" என்று யாரோ கத்தினார்கள்.

"அது கண்டக்டர்ப்பா. கூட்டம் ஏறுது, கத்தறான்" என்றான் அண்ணன். அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "வெளிய எல்லாம் மாறிப்போச்சுப்பா. ரோட்டோரத்துல நிறைய மரம் வெச்சிருக்காங்க. நான் பார்த்துக்கிட்டே வர்றேன். நீங்க நேரத்துக்கு சாப்பிடுங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க. தூங்குங்க. நான்தான் வந்துட்டேனே."

இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியில் இணைப்பு அறுந்தது.

அவள் போனை எடுக்கவில்லை. குனிந்திருந்தவர்கள் அப்படியே குனிந்து நின்றார்கள். தெருமுனையில் ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் மைக்கைத் தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டு அதையும் அணைத்தான்.