சின்னப்பொண்ணின் வாக்குமூலம்

சின்னப்பொண்ணு ஒரு வெள்ளாடு. காவாந்தண்டலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த முத்துவேலின் மனைவி பவளம் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தாள். எண்பதாம் வருடத் தேர்தலின்போது கடைச் சுவரில் ஒட்டியிருந்த எல்லாக் கட்சிச் சுவரொட்டிகளையும் அது பசையோடு பாரபட்சமின்றித் தின்றது. கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அன்றே ஒரு கட்சி தொடங்கி ஆட்டைத் தலைவராக்கினார்கள். அகில உலகப் பசைக் கட்சி.

பள்ளிக்கூட எழுத்தர் ஆராவமுதன் மாலையில் அங்கே வருவான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அவனைச் செயலாளராக்கினார்கள். அவன் ஓர் அறிக்கை எழுதினான்: ‘எங்கள் தலைவருக்குச் சொத்து ஒரு கயிறு. தேர்தலுக்குப் பிறகும் இதே இடத்தில்தான் கட்டியிருப்பார்.’ கீழே இரண்டு பெயர்கள். தலைவர் சின்னப்பொண்ணு, செயலாளர் ஆராவமுதன். அவன் எழுதியதைப் படித்து யாராவது சிரித்தது அதுவே முதல் முறை.

யாரோ அந்த அறிக்கையுடன் ஒரு மொட்டைக் கடுதாசியை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். சின்னப்பொண்ணு என்ற பெண்மணி நடத்தும் அரசியல் கட்சியில் அரசு ஊழியர் ஒருவர் பொறுப்பு வகிக்கிறார் என்று அதில் இருந்தது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அப்பா இறந்ததால் ஆராவமுதனுக்குக் கிடைத்த வேலை அது. அது நிரந்தரமாவதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அம்மாவும் தங்கை ஜலஜாவும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

விசாரணை அலுவலர் வேதகிரி உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஆராவமுதன் அவரைக் கடைக்கு அழைத்துப் போனான்.

“எங்கே அந்த அம்மா?”

ஆராவமுதன் காட்டினான். வேதகிரி ஆட்டைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார்.

“விளையாடறீங்களா?”

“இல்ல சார். நெஜமாவே ஆடுதான்.”

முத்துவேல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “மனுசனுக்குப் பதவி குடுத்தா சும்மா கீறானா சார்? அதான் ஆட்டுக்குக் குடுத்தோம்.”

வேதகிரி பெஞ்சில் உட்கார்ந்தார். “எனக்குப் புரியுது தம்பி. ஆனா ஆடுன்னு எழுதினா, விசாரணையையே கேலி பண்றோம்பாங்க. உங்க வேலை போயிடும். தலைவர் வாக்குமூலம்னு ஒரு தாள் இதுல இருந்தாகணும்.”

கோப்பிலிருந்து மொட்டைக் கடுதாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “ஒரு நிமிசம் சார்” என்று முத்துவேல் அதை உருவி ஆட்டின் வாயருகே பிடித்தான். வேதகிரி தடுக்கவில்லை. ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“பசை இல்ல சார்” என்றான் முத்துவேல்.

வேதகிரி கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார்.

பவளம் உள்ளேயிருந்து வந்தாள். “நான்தான் சின்னப்பொண்ணுன்னு எழுதிக்கோ சார்.”

“வேணாங்க்கா. உங்களுக்கு வம்பு வந்துடும்” என்றான் ஆராவமுதன்.

“உன் வேல போனா வூட்ல இன்னா துன்னுவீங்க? சும்மா இரு.”

வேதகிரி அவளைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

“பேரு?”

“சின்னப்பொண்ணு.”

“வயசு?”

“முப்பத்தெட்டு.”

“கணவர் பேரு?”

பவளம் வாயைத் திறந்து மூடினாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை.

“அதோ, டியூப்ப வச்சிக்கினு நிக்குதே. அதான்.”

“பொய்ப் பேரு சொல்லத் தெரிஞ்சுது, எம் பேரு வர்லியா?” என்றான் முத்துவேல்.

“நீயே சொல்லிக்கோ.”

அவன் சொன்னான். வேதகிரி எழுதிக்கொண்டார். “இந்த எழுத்தர் உங்க கட்சியில இருக்காரா?”

“நீக்கிட்டோம் சார்” என்று முத்துவேல் முந்திக்கொண்டான்.

“நீக்கினா, முன்னாடி இருந்தார்னு ஆகும்.”

பவளம் ஆராவமுதனைப் பார்க்காமல் சொன்னாள்: “அவரச் சேத்துக்கவே இல்ல சார். கவர்மெண்ட்டு வேலயில கீறவங்கள நாங்க சேத்துக்கறதில்ல.”

“செயலாளர்னு பேர் போட்டிருக்கே?”

“எழுதிக் குடுத்தாரு, பேரப் போட்டுட்டாங்க. கல்யாணப் பத்திரிக எழுதறவன்லாம் மாப்பிளயா சார்?”

வேதகிரி குனிந்துகொண்டார். தோள் லேசாகக் குலுங்கியது. ‘கட்சியின் விதிப்படி அரசு ஊழியர்கள் சேர்க்கப்படுவதில்லை’ என்று எழுதி, மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். பவளம் கைநாட்டு வைத்தாள். விரலில் இருந்த மையை ஆட்டின் முதுகில் துடைத்தாள்.

பஸ் வரும்போது வேதகிரி ஆராவமுதனிடம் சொன்னார்: “இனிமே அந்தக் கடைக்குப் போகாதீங்க. வேலை நிரந்தரமானாலும் போகாதீங்க. கடுதாசி போட்டவன் இங்கதான் இருப்பான். தாள்படி நீங்க அங்க இல்ல.”

ஆராவமுதன் போகவில்லை. மாலையில் சாலையின் மறு ஓரமாகச் சைக்கிளை மிதித்துப் போனான். கடையிலிருந்து யாரும் கூப்பிடவும் இல்லை. டயரில் காற்று இறங்கினால் பக்கத்து ஊரான மாகறல்வரை தள்ளிக்கொண்டு போனான்.

மூன்றாம் மாதம் ஆணை வந்தது. நகல் ஒன்று கடை முகவரிக்கு, கட்சித் தலைவர் சின்னப்பொண்ணு பெயருக்கு வந்திருந்தது. முத்துவேல் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து மணிக்கு ஆராவமுதனின் சைக்கிளைக் கண்டதும் பவளம் அதை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

அவன் இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி வாங்கிப் படித்தான்.

“இன்னா போட்டுகீது?”

“குற்றச்சாட்டு கைவிடப்படுகிறதுன்னு. வேலை இருக்குக்கா.”

“இருக்கட்டும்.” அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

கடையில் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். ஆராவமுதன் அந்தப் பக்கம் பார்த்தான்.

“என்னக்கா?”

“புது அறிக்க. எங்கூட்டுக்காரு எழுதிகீது. எழுத்து கோண கோணயா கீது.”

“என்ன எழுதியிருக்கார்?”

“உனுக்கு இன்னாத்துக்கு? கெளம்பு, அம்மா பாத்துக்கினு இருப்பாங்க.”

“ஒரு வரி மட்டும்.”

பவளம் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“செயலாளர் பதவி காலியா கீதாம். யாரையும் போடறதா இல்லியாம்.”