தில்லையென்று அனுப்பிய விதை

நோர்வேயின் வட முனைக்கு மீன் வெட்டப் போன கொன்ஸ்ரன்ரைன் பதினாலு வருஷம் கழித்து, போர் முடிந்த ஊருக்கு, மரஞ்செடிகளைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதனாகத் திரும்பி வந்தான். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி வேறு. விடத்தல்தீவில் வந்திறங்கிய வியாழக்கிழமையே, சனம் பிறந்ததிலிருந்து மிதித்துத் திரிகிற செடிகளைக் குனிந்து பார்த்து, அந்தச் சனத்துக்கே பெயர் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டான். அக்கா மார்த்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. தம்பிக்கு வாயை முந்திக்கொண்டு கை நீளும். அவனை அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் பின்னால் அனுப்பியதே, ஊரில் விட்டால் யாரையாவது அடித்துக் கொன்றுவிடுவான் என்றுதான்.

மார்த்தாவுக்கு வேண்டியது ஒரே ஒரு காரியம். மீள்குடியேறி இரண்டு வருஷமாக அவளும் மகளும் தகரக் கொட்டிலில் வேகிறார்கள். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்துவிட்டது. ஆனால் காணியில் பிணக்கு இருந்தால் அத்திவாரம் வெட்ட விடமாட்டார்கள். பிணக்கு இருந்தது. தாய்மாமன் மகன் றெனால்ட் அவளுக்கு முதலே திரும்பி வந்தவன். காணி உறுதிப் பத்திரமும் எரிந்து எல்லைக்கல்லும் இல்லாத நிலத்தில், அவள் பக்கம் ஆறடி தள்ளிக் கட்டை நட்டு முள்ளுக்கம்பி இழுத்துவிட்டான். கெஞ்சியும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். போன கிழமைதான் ஆள் இளகினான்.

"ஞாயிறு பூசை முடிய ஃபாதரிட்டப் போவம் மச்சாள். அவர் காட்டுற இடத்தில கட்டையை மாத்தி நடுறன்."

இன்னும் மூன்று நாள். இரத்தம் சிந்தாமல் அந்த மூன்று நாளும் கழிந்தால் அவளுக்குப் போதும்.

அந்த வேலியின் நடுவே ஒரு தில்லை நின்றது. உப்புநீர்க் களப்போரத்து மரம். கிள்ளினால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் கண் போச்சு. விறகுக்குக்கூட ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். றெனால்டும் தொடாமல் கம்பியை அதைச் சுற்றித்தான் இழுத்திருந்தான்.

"இதுக்கோ அக்கா இவ்வளவு பயம்?" என்று கொன்ஸ்ரன்ரைன் சிரித்தான். "பத்து வருஷமா வீட்டுக்குள்ள வளக்கிறன். வெளியில இடுப்பளவு பனி, உள்ளுக்கு லைட் போட்டு, உப்புத்தண்ணி வாளியில வச்சிருக்கிறன். இலையை நாக்கில வச்சும் பாத்திட்டன். ஒண்டும் செய்யேல்ல. எங்கட சனம் சும்மா வெருட்டி வச்சிருக்கு."

அங்கே குளிருக்குள் பிறநாட்டு மருந்துச் செடியும் நச்சுச் செடியும் வளர்க்கிற ஒரு கூட்டம் இருக்கிறதாம். அதில் இவன்தான் தில்லைக்காரன். இலையை ஒடித்தும் பால் வரவில்லை என்றதும், குளிரில் தில்லைப் பால் வற்றிவிடும் என்று அவர்களுடைய சஞ்சிகையில் எழுதினான். பிறகு, அதில் நஞ்சே கிடையாது என்றும் எழுதினான். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்களாம்.

 ஆனால் அவனுடைய வாளியில் நிற்பது தில்லையே இல்லை; அது மார்த்தாவுக்கு மட்டும்தான் தெரியும்.

போருக்கு நடுவே வந்த சமாதான காலத்தில் அவன் தில்லை விதை கேட்டபோது, அவனுடைய மூத்த மகனுக்கு ஒரு வயது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிற பருவம். அந்த வீட்டுக்கு யாராவது நஞ்சு அனுப்புவார்களா? அதே களப்போரத்தில் நிற்கிற திப்பரத்தை மரத்தின் விதை பொறுக்கி, என்வெலப்பில் தில்லை என்று எழுதித் தபாலில் போட்டாள். திப்பரத்தையில் பாலும் இல்லை, பழியும் இல்லை. அவன் அனுப்பிய படங்களில் இலை நுனி உள்ளுக்குக் குழிந்திருந்தது. தில்லை இலையென்றால் நுனி கூராக நீளும். விடத்தல்தீவில் மூக்கொழுகுகிற பிள்ளைக்கும் தெரிகிற வித்தியாசம், பூதக்கண்ணாடி வைத்திருந்தவனுக்குப் பத்து வருஷமாகத் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அவன் ஃபோனில் பெருமையடிக்க, இவளுக்கு வாய் வரவில்லை. ஞாயிறு கழியட்டும், சொல்லுவம் என்று இந்த முறையும் விட்டாள்.

வெள்ளி காலை தண்ணீர்க் குடத்தோடு அவள் வர, நாலு கட்டைகள் கிளப்பிக் கிடந்தன. கொன்ஸ்ரன்ரைன் இரும்பு அலவாங்கோடு ஐந்தாவதில் நின்றான்.

"ஞாயிறு மட்டும் பொறு எண்டெல்லே சொன்னனான்."

"அரை மணித்தியால வேலைக்கு ஃபாதர் எதுக்கு?"

சத்தம் கேட்டு றெனால்ட் மண்வெட்டியோடு ஓடி வந்தான். "கையை எடு மச்சான்."

"நீ காணியை எடுக்கலாம், நான் கட்டையை எடுக்கக் கூடாதோ?"

மண்வெட்டிப் பிடி கொன்ஸ்ரன்ரைனின் தோளில் விழுந்தது. அலவாங்கு நழுவியது. அவன் அப்படியே தலையால் மோதினான். றெனால்டின் மூக்கெலும்பு நொறுங்கியது மார்த்தாவுக்குக் கேட்டது. இருவரும் கட்டிப் பிடித்தபடி முள்ளுக்கம்பியில் விழுந்து உருண்டார்கள். சேர்ட்டோடு முதுகுத் தோலும் கிழிந்தது. ஒருவன் காதை ஒருவன் கடித்தான். இழுத்துப் பிரிக்கப் போன மார்த்தாவின் வாயில் தம்பியின் முழங்கை இடிக்க, ஒரு பல் ஆடிப்போயிற்று.

கடைசியில் றெனால்ட்தான் விட்டான். கட்டையில் சாய்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும் மச்சான், கட்டையைக் கொண்டு போ" என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டும். மனிதன் தோற்றுவிட்டேன் என்கிறானே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

கொன்ஸ்ரன்ரைன், பற்றை வெட்டக் கொண்டுவந்து வேலியோரம் வைத்திருந்த கத்தியை எடுத்தான். றெனால்டை வெட்டப் போகிறான் என்றுதான் மார்த்தா நினைத்தாள். அவனோ திரும்பித் தில்லையில் கைப்பருமனான கொப்பொன்றைத் தறித்துவிட்டுக் கத்தியை எறிந்தான்.

"வெட்டிப்போட்டு மறியலில கம்பி எண்ண எனக்கென்ன விசரோ? இது சும்மா அடி."

தறித்த வாயிலிருந்து பால் வெள்ளையாகச் சொட்டியது.

"தம்பி, தில்லை" என்று மார்த்தா கத்தினாள்.

"தெரியும்" என்றான்.

அவள் கத்த வேண்டியது அதுவல்ல. வேறொரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நேரமிருக்கவில்லை. கொப்பு றெனால்டின் முகத்தில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. மூன்றாவது அடியில் இலையெல்லாம் உதிர்ந்து, பாலும் இரத்தமும் கலந்து கண் குழிக்குள் வழிந்தன. றெனால்ட் இரண்டு கையாலும் கசக்கினான், கசக்கக் கசக்க அது உள்ளே போயிற்று. அறுபடுகிற மாடு மாதிரி அவன் அலறினான். மார்த்தா குடத்துத் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குடம் வெறுமையான பிறகும் சரித்துப் பிடித்தபடி நின்றாள்.

ஆஸ்பத்திரியில், இடக்கண் இனி இல்லை, வலக்கண்ணைக் கட்டவிழ்த்தால்தான் சொல்லலாம் என்றார்கள். வாசலில் போட்டிருந்த வாங்கில் பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் கொன்ஸ்ரன்ரைன் இருந்தான். இரு உள்ளங்கையும் கொப்பளித்துப் பழுத்திருந்தன. பொலிஸ்காரர் படிவம் எடுக்க எழும்பியதும் அவன் கிசுகிசுத்தான்.

"பால் நஞ்சில்லை எண்டு நம்பித்தான் அடிச்சனான். அதைச் சொல்லு அக்கா. உன்ர சொல்லிலதான் என்ர வழக்கு நிக்குது."

"உன்ர வாளியில நிக்கிறது திப்பரத்தை. உன்ர பிள்ளைக்குப் பயந்து நான்தான் மாத்தி அனுப்பினனான்."

 அவள் காத்திருந்தாள். றெனால்டுக்கு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டானென்றால், பழி முழுவதையும் தன் தலையில் போட்டு எழுதிக் கொடுத்திருப்பாள். சத்தியமாகக் கொடுத்திருப்பாள்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் பிழையோ?" என்று கேட்டான். "அங்க இனி என்னை ஆர் மதிப்பினம்?"

 மார்த்தா எழும்பிப் போய்ப் பொலிஸ்காரரின் மேசை முன்னால் நின்றாள்.

"அது என்ன மரம் எண்டு உங்கட தம்பிக்குத் தெரியுமோ?" என்று அவர் கேட்டார்.

"தெரியும். விடத்தல்தீவில பிறந்தவன்."

எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தாள். பிறகு வார்ட்டுக்குள் போனாள். கட்டிலருகே இருந்த றெனால்டின் மனைவி கிருஷிகா, அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பினாள்.

"நீயும் இரு, பிள்ளை. நீயும் கேக்கவேணும்" என்றாள் மார்த்தா. பிறகு, கண்ணிரண்டும் கட்டிக் கிடந்தவனின் கையைத் தொட்டாள்.

"றெனால்ட், நான் மார்த்தா. உன்ர கண் போனதில என்ர பங்கும் இருக்கு. தில்லையெண்டு சொல்லி அவனுக்குத் திப்பரத்தை விதை அனுப்பினது நான், அதாலதான் அவன் பாலில நஞ்சில்லை எண்டு நம்பினவன். பொலிசுக்கு அதைச் சொல்லேல்ல, உனக்குச் சொல்லுறன். நீ அதைப் பொலிசில சொன்னால் அவன்ர வழக்கு இளகும், என்ர பொய்யும் வெளியில வந்து வீட்டுக்காணியும் நீ சொல்லுற பக்கம்தான் போகும். சொல்லுறதோ விடுறதோ உன்ர விருப்பம்."