எழிலரசி சொன்ன இரண்டாவது சாட்சி

பௌர்ணமியன்று செங்கம் சாலையில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, கண்ணுகளா. மாலை நான்கு மணியானால் கீழ்வாசல் கிரில் கதவை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். மலை சுற்ற வருகிற ஜனம் லட்சக்கணக்கில். கால் வலித்தவர்கள் கிடைத்த படியில் உட்காருவார்கள், படுப்பார்கள், பாத்ரூம் எங்கே என்று மாடி வரைக்கும் வந்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பதினாலு கிலோமீட்டர் நடக்கிற கால். ஆனால் பூட்டினால் பூட்டியதுதான். கூட்டம் வடிகிற வரைக்கும் உள்ளே இருப்பவர் உள்ளேயேதான்.

பாஸ்டர் அப்பாதுரையின் ஜெபக்கூடம் அப்படி ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. தகரக் கூரை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ஒரு மைக். ஊரெல்லாம் தெருவில் இருக்கும் அந்த நாளில் அவர் மாதாமாதம் உபவாச ஜெபம் வைப்பார். பொல்லாத மனுஷர் இல்லை. கதவைப் பூட்டும் வரைக்கும் வாசலில் நின்று, நடந்து வருகிறவர்களுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவார். மேலே வந்து மைக்கைப் பிடித்தால்தான் அவர் குரல் மாறும். கண்ணுக்குத் தெரியாத ஒரு யுத்தம் நடக்கிறது என்பார். கர்த்தருடைய சேனை ஒரு பக்கம், சாத்தானுடைய சேனை ஒரு பக்கம். அந்த யுத்தம் நடக்கிற இடம் மலையுமில்லை, ஊருமில்லை, உங்கள் ஒவ்வொருவருடைய நெஞ்சுதான். உள்ளே ஒரு சந்தேகம் எழுந்தால், அது யார் அனுப்பின ஆள் என்று முதலில் கேளுங்கள் என்பார்.

இதை எழிலரசி முழுசாக நம்பினாள்.

அவள் அதே சாலையில் ஒரு கஃபேயில் சமையல் வேலை செய்கிறவள். எண்ணெய் கம்மியாக, காரமே இல்லாமல், வெளிநாட்டுக்காரர்களுக்குச் சமைப்பதில் கெட்டிக்காரி. புருஷன் சக்திவேல் ஆட்டோ ஓட்டுகிறான். பதினேழு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. ஒருநாள் அடுப்புக்கு முன்னாலேயே விழுந்து முழங்கை வெந்துபோயிற்று. அதற்குமேல் பொறுக்காமல் சக்திவேல் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், நடுவில் ஒருநாள்கூட விடக்கூடாது என்றார்.

அதே வாரம், கஃபேயில் பாத்திரம் கழுவுகிற ஆராயி அவளை ஜெபத்துக்குக் கூட்டிப்போனாள். பாஸ்டர் தலையில் கைவைத்து அவளுக்காக அழுதார். அவளுக்காக யாரும் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. மூன்று மாதம் வலிப்பு வரவில்லை. மாத்திரையும் நடந்துகொண்டிருந்தது, ஜெபமும் நடந்துகொண்டிருந்தது. எதனால் நின்றது என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நிம்மதியில் நாம் மட்டும் பார்த்திருப்போமா?

அந்தச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு ஞாயிறு, எழிலரசிக்கு முன்னால் ஒரு பெண் எழுந்து, சர்க்கரை மாத்திரையைத் தூக்கியெறிந்துவிட்டேன் என்றாள். கூடமே கைதட்டியது. அடுத்து மைக் எழிலரசியிடம் வந்தது. மூன்று மாதமாக வலிப்பு இல்லை என்றாள். ஸ்தோத்திரம் என்றார்கள், ஆனால் கைதட்டல் அந்த அளவுக்கு எழவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல நாற்பது முகம் அவளையே பார்த்தது.

"மாத்திரையெல்லாம் நானும் விட்டுட்டேன்" என்றாள்.

மூன்றே வார்த்தை. தகரம் அதிரக் கைதட்டினார்கள். ஒருவர் அதை போனில் எடுத்து அனுப்பினார்.

அன்று இரவே குளியலறைக் கதவைத் தாழிட்டு மாத்திரையை விழுங்கினாள். மறுநாள் காலையிலும் விழுங்கினாள். இப்படியே இரண்டு வருஷம். கூட்டம் நடக்கிற இடத்திலெல்லாம் பாஸ்டர் அவளை எழுப்பி நிறுத்தினார். எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். உடனே பாஸ்டர் சொன்னது ஞாபகம் வரும், இந்தக் குரல் யார் அனுப்பின ஆள்? நீ உண்மையைச் சொன்னால் நாற்பது பேர் விசுவாசம் போகும், அது யாருக்கு லாபம்? சொன்னாலும் சாத்தான், சொல்லாவிட்டாலும் சாத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவள் என்னிடம் சொல்லும்போது, நெஞ்சுக்குள்ளே நானே என்னைப் பூட்டிக்கொண்டு சாவியை விழுங்கிவிட்டேன் என்றாள்.

போன ஆனி மாதப் பௌர்ணமிக்குக் கூடத்தில் ஒரு புதுமுகம் வந்திருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து தனம் என்கிற பெண், கூட அவள் மகள் கவிநிலா. ஒன்பது வயது, இரட்டைச் சடை, கண்ணுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. ரோடு அடைப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று காலை பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருந்தார்கள். கீழே கதவு பூட்டியாகிவிட்டது. சாவி பாஸ்டரின் சட்டைப்பையில். தனம் எழிலரசியைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதான அது? போன்ல பார்த்துப் பார்த்து உங்க மூஞ்சி எனக்கு மனப்பாடம்" என்றாள்.

கவிநிலாவுக்கு நான்கு வயதிலிருந்து வலிப்பாம். மாத்திரையில் அடங்கித்தான் இருந்ததாம். எழிலரசியின் சாட்சியைக் கேட்ட பிறகு, நமக்கு மட்டும் விசுவாசம் கம்மியா என்று தோன்றியிருக்கிறது. பதினோரு நாளைக்கு முன்னால் மாத்திரை அத்தனையையும் கிணற்றில் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு தடவை வந்துவிட்டது. போனில் பாஸ்டரைக் கேட்டதற்கு, சத்துரு வெளியே போகும்போது கொஞ்சம் உதைத்துவிட்டுத்தான் போவான், கர்த்தர் குணமாக்கின சகோதரி வந்து பிள்ளைமேல் கை வைக்கட்டும் என்றாராம். தனம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த நிமிஷமே எழிலரசி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜெபம் முடியட்டும், தனியாகக் கூப்பிட்டுச் சொல்வோம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டாள். இரண்டு வருஷம் தள்ளிப்போட்டவளுக்கு இன்னும் ஒரு மணிநேரம் பெரிதாகத் தெரியவில்லை.

ஆறேகாலுக்குப் பாட்டு நடக்கும்போது கவிநிலா நாற்காலியிலிருந்து சரிந்தாள்.

எழிலரசிதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. இரண்டு நிமிஷத்தில் நின்றது. கண் திறப்பதற்குள் மறுபடியும் தொடங்கியது. சுற்றி நின்றவர்கள் கைகளை நீட்டி ஜெபித்தார்கள். வெளியே போ, வெளியே போ என்று நாற்பது தொண்டை கத்தியது. கீழே தெருவில் அரோகரா சத்தம். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் பல் கடிபடுகிற சத்தம் எழிலரசிக்குத் தனியாகக் கேட்டது.

ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் வேறெதையும் யோசிக்காதே, தூக்கிக்கொண்டு ஓடு என்று டாக்டரம்மா சக்திவேலிடம் சொல்லியிருந்தார். கடிகாரத்தில் ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. அவள் கைப்பையில் அன்றிரவுக்கான மாத்திரை இருந்தது. பல் கிட்டியிருக்கிற பிள்ளைக்கு வாயில் எதையும் போடக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். வெளியேதான் போக வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாலையோரம் மருத்துவ முகாம் கூடாரம் போடுவார்கள். அரை கிலோமீட்டர் இருக்கும்.

எழுந்து பாஸ்டரிடம் போய்ச் சாவியைக் கேட்டாள். அவர் கண்ணைத் திறக்காமலேயே, விடுதலை ஆகிற நேரத்தில் பயப்படக்கூடாது சகோதரி, நீங்கள் வந்து கை வையுங்கள், உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள், அவன் ஓடுவான் என்றார். சொல்லிவிட்டு மைக்கை அவள் கையில் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் மாத்திரையை உடல" என்றாள். சத்தம் அடங்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "நான் மாத்திரையை உடவே இல்ல. ஒருநாள்கூட உடல. இன்னைக்குக் காலையிலயும் போட்டுக்கினுதான் வந்தேன். அன்னைக்கு நான் சொன்னது பொய்."

பின்வரிசையிலிருந்து மெதுவாக அமைதி முன்னால் வந்தது. பாஸ்டர் கண்ணைத் திறந்தார். அவர் கோபப்படவில்லை. இரக்கத்தோடுதான் பார்த்தார். அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"சகோதரி, இது உங்க குரல் இல்ல" என்றார்.

"என் குரல்தான் ஐயா. ரெண்டு வருஷமா பேசினேனே, அதான் என் குரல் இல்ல." அவள் கையை நீட்டினாள். "பொய்யி எந்தப் பக்கத்துச் சரக்குன்னு நீங்கதான எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. கர்த்தருக்காகப் பேசறேன்னு நெனச்சிக்கினு நான் அவன் பக்கம் நின்னு பேசியிருக்கேன். சாவியக் குடுங்க."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது, அங்கேயே நின்றது. எழிலரசி பார்த்தாள். அந்த மனுஷரின் நெஞ்சுக்குள்ளும் இப்போது அதே கேள்விதான் நடக்கிறது, கேட்கிற குரல் யார் அனுப்பின ஆள் என்று. அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் காத்திருக்க நேரமில்லை. அவளே அந்தப் பையில் கையை விட்டு எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

தனம் மகளை மடியிலிருந்து தூக்கிப் பாஸ்டரிடம் நீட்டினாள். அவ்வளவுதான். அவர் குனிந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

கதவைத் திறந்தால் படியெல்லாம் ஆள். விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் நகரவே இடமில்லை. முகாம் இருந்தது பின்பக்கம், ஜனம் போய்க்கொண்டிருந்தது முன்பக்கம். எதிரே ஒரு அடி வைத்தால் இரண்டு அடி தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தபோது பூட்டு இருந்தது, வெளியே பூட்டே இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். எழிலரசி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. அப்போது நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு தடித்த ஆள் நின்று பார்த்தார். திரும்பி, வந்த வழியிலேயே கையை விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"வழி உடுங்க, கொயந்தைக்கு ஒடம்பு சரியில்ல. வழி உடு தாயி."

அவர் சொன்னதை அடுத்தவர் சொன்னார், அவர் சொன்னதை அதற்கடுத்தவர் சொன்னார். ஓர் ஆள் போகிற அகலத்துக்குச் சாலை பிளந்து கொடுத்தது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் பாஸ்டர் அந்த இடுக்கில் வெறுங்காலோடு ஓடினார்.

கூடாரத்தில் நர்ஸம்மா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கி, பிள்ளை துணிபோலத் துவண்டு தூங்கினாள். மூச்சு சீராக வந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வாள், ஆனால் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்று நர்ஸம்மா சொன்னார். ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டே கேட்டார், மாத்திரையை நிறுத்தியது யார் சொல்லி?

தனம் தரையைப் பார்த்தாள். கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பாஸ்டர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"நான் சொல்லித்தான்" என்றாள் எழிலரசி.

நர்ஸம்மா திட்டினார். நன்றாகத்தான் திட்டினார். எழிலரசி குனிந்து கேட்டுக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் கைதட்டலைக் கேட்டபோது வராத அழுகை, அந்தத் திட்டுக்கு வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. தனம் ஏறி உட்கார்ந்தாள். எழிலரசி வெளியே நின்றாள். இனி இங்கே தனக்கு என்ன உரிமை என்று நின்றாள்.

"ஏறு" என்றாள் தனம். அக்கா என்று கூப்பிட்டது போய்விட்டது. "எங்க போற? டாக்டர் கேப்பாங்க இல்ல, அங்கயும் நீயே சொல்லு."

ஏறினாள். கதவைச் சாத்தினார்கள். வண்டி கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இரண்டு பெண்களும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அந்தப் பிள்ளை. ஜெபிக்கலாம் என்று எழிலரசி கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. சொல்லிவிடு என்ற அந்தக் குரலும் இல்லை. எந்தப் பக்கம் ஜெயித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பாதித் தூக்கத்தில் கவிநிலா முனகினாள்.

"அம்மா, என் செருப்பு."

மாடியில், கூடத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். தனம் அப்போதுதான் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த மாடியையும், அந்த நாற்பது முகத்தையும், காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கப்போகிற பாஸ்டரையும் எழிலரசி நினைத்துப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில நான் போய் எடுத்தாறேன் கண்ணு" என்றாள்.