நாற்பது பேருக்கு ஒரு ரத்தம்

மடக்கென்று சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. நார்த்தாமலைக்குத் தெற்கே ஊருணிப்பட்டியில் முப்பத்தொன்பது வீடுகளில் ஒரே நேரத்தில் அது கேட்டது. பல் விளக்கிக்கொண்டிருந்த வார்டு மெம்பர் ரெங்கசாமி குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகியிருந்தது. வலியில்லை. வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனால், வீட்டுக்கு ஒருவர் என்று எல்லாரும் சாய்ந்து சாய்ந்து வந்து சேர்ந்தார்கள். டீ அன்றைக்கு நிறையச் சிந்தியது. ஊரில் பிறவியிலேயே அந்தக் கால் குட்டையானவள் ஒருத்திதான். அவள் பெயர் மூக்காயி. பிள்ளையில்லாத விதவை. அவள் வீட்டில் மட்டும் அன்று சத்தம் கேட்கவில்லை.

ஊருணிப்பட்டியில் ஒரு வழக்கம் உண்டு. தலைக்கட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சர்க்கார் எதற்குக் கேட்டாலும், நாற்பது தலைக்கட்டுக்கும் சேர்த்து மூக்காயியை அனுப்பிவிடுவார்கள். கிராம சபைக்கு அவள் ஒருத்தி போய் நாற்பது கைநாட்டு வைப்பாள். கண் பரிசோதனை முகாமில் நாற்பது முறை எழுத்துப் பலகையைப் பார்த்து நாற்பது கண்ணாடி வாங்கி வருவாள். முந்தின வருஷம், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்களில் என்னென்ன நோய் தங்குகிறது என்று பார்க்க ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து, வீட்டுக்கு ஒருவர் ரத்தம் கேட்டது. வேலைவெட்டி உள்ளவர்களை அலைக்கழிக்க வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன் என்று ரெங்கசாமி குழாய்களை வாங்கி வைத்துக்கொண்டார். விராலிமலையிலிருந்து ஊசி போடத் தெரிந்த ஒருவனைக் கூட்டிவந்து, சமுதாயக்கூடத்துக் கதவைச் சாத்தி, நாற்பது குழாயையும் மூக்காயியின் கையிலிருந்தே நிரப்பினார். இருபத்திரண்டாவது குழாயில் அவள் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு கோலி சோடா கொடுத்து, மிச்சம் பதினெட்டையும் எடுத்தார்கள். ஆண்கள் பெயர் எழுதிய குழாய்கள் நிரம்பும்போது, "ஏ மூக்காயி, இப்ப நீ ஆம்பளடி, அழுவாத!" என்று ரெங்கசாமி சிரித்தார்.

ரத்தத்தை ஆய்வுக்கூடம் மரபணு எழுத்துகளாக மாற்றி, வடக்கே இருக்கிற தேசிய உயிர்த்தகவல் மையத்துக்கு அனுப்பியது. நாடெங்கும் இருந்து வருகிற நெல், மாடு, கிருமி, மனிதன் எல்லாவற்றின் விவரத்தையும் வாங்கிச் சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, உலகத்தில் எந்த ஆராய்ச்சிக்காரர் கேட்டாலும் திறந்து கொடுப்பது மையத்தின் வேலை. ஊருணிப்பட்டியின் நாற்பது பதிவும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருந்தன. மூன்று முறை சரிபார்த்தார்கள். பிறகு இப்படியும் ஓர் ஊர் இருக்கிறது என்று குறிப்பெழுதி, நாற்பதையும் ஒரே எண்ணில், முதல் குழாயிலிருந்த மூக்காயியின் பெயரில், செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வெளியிட்டார்கள். பதிவும் உடம்பும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் விதி. உடம்புகள் ஒத்துப்போயின.

அதிசயம் என்றால் ஆள் கூடத்தானே செய்யும். முதல் மாதத்தில் முந்நூறு இடங்களில் அந்தப் பதிவை இறக்கிக்கொண்டார்கள். ஜப்பானில் இறக்கிய அன்று முப்பத்தொன்பது பேருக்கும் வலது கன்னத்தில் மூக்காயிக்கு இருப்பதுபோலவே புளியங்கொட்டை அளவு மச்சம் வந்தது. ஜெர்மனியில் இறக்கியபோது மேல்பல் ஒன்று துருத்தியது. புரட்டாசியில் மீசைகள் உதிர்ந்தன. பிள்ளைகளுக்குப் பெற்றவரிடமிருந்து பாதி வரும் என்பதால் ரெங்கசாமியின் மகள் தேவிப்ரியாவுக்கு இடது கால் ஓர் அங்குலம் குறைந்தது, கன்னத்தில் அரை மச்சம் வந்தது. அவளுக்குத் திருவரங்குளத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். ஓர் அங்குலத்தைக் குதிகால் உயர்ந்த செருப்பில் மறைக்கலாம், மச்சத்தைப் பவுடரில் மறைக்கலாம். தைக்குள் இன்னும் எத்தனை தேசம் இறக்குமோ என்று நினைத்தால் ரெங்கசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆராய்ச்சிக் குழுவிடம் நம்பர் வாங்கி மையத்துக்குப் போன் போட்டார். எடுத்த மோகனப்ரியா தமிழ்ப் பெண், மரியாதையான பெண். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, ஆனால் பதிவை மூடினால் இனிமேல் யாரும் எடுக்க முடியாது, இப்போது இருப்பதோடு நின்றுவிடும் என்றாள்.

"கொடுத்தவங்க சம்மதம் இருக்கிற வரைக்கும் பதிவு இருக்கும் சார்."

சம்மதம் இருக்கிறவரைக்கும் என்பதை உயிர் இருக்கிறவரைக்கும் என்று ரெங்கசாமி எடுத்துக்கொண்டார். மூக்காயியிடம் போய்க் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அவளிடம் எதையும் கேட்டு ஊரில் யாருக்கும் பழக்கமில்லை.

ஐப்பசி அடைமழையில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. ஊரில் ஓடுகிற ஒரே ஆட்டோ ஜெரால்டுடையது. ரெங்கசாமி அவன் வாசலில் போய் நின்றார்.

"வண்டி இங்கிட்டே நிக்கட்டும்யா."

"பாவம்ணே. மூச்சு வாங்குது அதுக்கு."

"ஒன் மொகத்தக் கண்ணாடில பாத்துட்டுச் சொல்லு."

ஜெரால்டு மச்சத்தைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் அவள் போய்ச் சேர்ந்தாள். மழையோடு மழையாக எரித்தார்கள். அன்று மாலை முழுக்க ஊர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. மச்சம் மறையவில்லை.

ரெங்கசாமி மறுபடி போன் போட்டு, கொடுத்தவர் செத்துவிட்டால் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். செத்தவர் சம்மதத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாது, பதிவு நிரந்தரமாகிவிடும் என்றாள் மோகனப்ரியா. "உயிரோடதான இருக்காங்க? ரத்தம் ஒத்துப்போய், அவங்களே போன்ல சொன்னாப் போதும்." இருக்காங்க, இருக்காங்க என்று வைத்துவிட்டார். மறுநாள் பிரேசிலில் யாரோ இறக்க, ஆண்களின் குரல் மூக்காயியின் குரலாக மாறிப்போனது.

மூக்காயியின் சாவு இன்னும் எந்த ஆபீசிலும் பதிவாகவில்லை. எரிந்ததோ ஒரு பிணம். அதற்கு ஒரு பெயர் வேண்டும். ரெங்கசாமி தன் பெயரைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார். அவர் மனைவி பிரகதாம்பாள், "உசுரோட நிக்கிற மனுசனுக்கு நான் எப்படிங்க தாலியறுப்பேன்?" என்று கேட்டாள். மகள் கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் அறுத்தாள். ஊர் கூடி ஒப்பாரி வைத்தது, நன்றாகவே வைத்தது. ரெங்கசாமி மூக்காயியின் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் குடிசைக்குக் குடிபோனார். புதுக்கோட்டையில் ரத்தம் கொடுத்தார், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. கிராம சபை வந்தபோது ஊர் அவரை அனுப்பி நாற்பது கைநாட்டு வைக்கச் சொன்னது. வைத்தார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று தன் வீட்டு வாசலில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து தன் காரியச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மோகனப்ரியா ரெங்கசாமி சாரைக் கேட்டாள்.

கையை உதறிவிட்டு அவர் சொன்னார்: "அந்தாளு ஆட்டோ கெடைக்காம செத்து பதினாறு நாளாச்சு தாயி, நான் மூக்காயி பேசுறேன்."