அக்காவின் தேற்றம் பொய்த்த பிற்பகல்

1

இந்தக் கதை, ஒரு கருத்தரங்கில் நான் தூங்கி வழிந்ததால் கிடைத்தது. ஞானம் எதுவும் பிறக்கவில்லை. முன்னிருக்கையில் நெற்றி இடித்து விழித்துக்கொண்டேன், அவ்வளவுதான். விழித்தபோது அறையில் பேச்சுச் சத்தமே இல்லை. பேசிக்கொண்டிருக்க வேண்டியவள் என் அக்கா. அவளோ சாக்பீஸும் கையுமாகக் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றாள், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தவளைப் போல.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "தர்க்கம் என்பது மனித அறிவின் மாபெரும்

(அக்கா படித்துவிட்டு, "மாபெரும் என்னடா? கொட்டாவியா?" என்றாள். வாக்கியத்தை அங்கேயே விட்டேன். கிடக்கட்டும்.)

2

அக்கா பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். தர்க்கமும் கணினியும் அவள் பாடம். வருடாவருடம் நீட்டிப்புக்காகக் காத்திருப்பது அவள் தொழில். துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. விண்ணப்பித்தவர்கள் துறையினர் முன் உரையாற்ற வேண்டும். தேர்வுக் குழு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

"நீயும் வந்து உக்காரு" என்றாள்.

"எனக்கு ஒரு மண்ணும் புரியாதே அக்கா."

"அதனாலதான் கூப்பிடுறேன். அங்க எல்லாரும் புரிஞ்ச மாதிரியே தலையாட்டுவாங்க. ஆட்டாத தலை ஒண்ணாவது எனக்கு வேணும்."

அவளுடைய தேற்றம் எனக்கு எட்டியவரை இதுதான். கணினிக்கு எழுதும் நிரல் சில சமயம் வேலையை முடித்து நின்றுவிடும். சில சமயம் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எது நிற்கும், எது சுற்றும் என்று எல்லா நிரல்களுக்கும் சேர்த்துச் சொல்ல ஒரு வழியும் கிடையாதாம். ஆனால் சில நிபந்தனைகளுக்கு அடங்கிய நிரல்கள் எல்லாமே நின்றுவிடும் என்று அக்கா நிறுவியிருந்தாள். அல்லது, நிறுவியதாக நம்பியிருந்தாள்.

3

முதல் வரிசையில் மூன்று பேர்.

துறைத்தலைவர், புன்னகைப்பதைத் தவிர வேறெதற்கும் பொறுப்பேற்காதவர். அடுத்து 'முடிவிலி'. பேச்சு தொடங்கியதும் உறங்கி, முடிந்ததும் விழித்து, "இதை முடிவிலிக்கு நீட்டலாமா?" என்று கேட்பவர். எந்தத் தலைப்புக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்பதால் அவருக்கு மேதை என்று பெயர்.*

மூன்றாமவர் 'சுருக்கம்'. "சுருக்கமா ஒரு கேள்வி" என்று எழுவார். அவர் உட்காருவதற்குள் தேநீர் ஆறி, ஆடை கட்டி, அதுவும் காய்ந்திருக்கும். அவருடைய பெயரில் ஒரு தேற்றம் உண்டு. பேராசிரியர் பதவி அதனால் வந்தது. எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள்.

(இந்த ஆளைப் பற்றி எனக்கே சந்தேகம் இருக்கிறது. முந்தைய வரைவில் அவரை மீசை முறுக்க வைத்திருந்தேன். "அவருக்கு மீசையே கிடையாதுடா" என்றாள் அக்கா. "கெட்டவரும் இல்ல. ரொம்ப வருஷமா யாரும் அவரை எதிர்த்துப் பேசினதில்ல, அவ்வளவுதான்." இப்படித்தான் என் வில்லன் பறிபோனார்.)

* நான் தூங்கியதையும் அவர் தூங்கியதையும் ஒன்றாக்க வேண்டாம். அவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு.

4

ஆக, அக்கா நின்றுபோன இடத்துக்கு வருவோம். பலகையின் கடைசி வரியில் "எனவே" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

"இந்த 'எனவே' வராது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

தலைகள் ஆடின. துறைத்தலைவர் ஆமோதித்துப் புன்னகைத்தார். அவள் நிறுத்தாமல் மேலே எழுதிப் போயிருந்தாலும் அதே தலைகள் அதே வேகத்தில் ஆடியிருக்கும். வேலையும் கிடைத்திருக்கும்.

"இல்ல, மன்னிச்சுக்கோங்க. இங்க ஒரு ஓட்டை இருக்கு. என்னோட நிரூபணம் இதோட நின்னுபோச்சு."

அப்போதுதான் சுருக்கம் எழுந்தார். உதவி செய்யத்தான் எழுந்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

"சுருக்கமா சொல்றேன். நீங்க பதறவே வேண்டாம்மா. இவ்வளவு கஷ்டப்பட்டு நிரூபிக்க வேண்டிய விஷயமே இல்ல இது. என்னோட தேற்றத்திலிருந்து இது தானா வந்துரும்."

பிறகு அந்தத் தேற்றத்தின் வரலாற்றைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா பலகையின் ஓரத்தில் சின்னதாக ஒரு நிரல் எழுதிவிட்டாள். நாலே வரி.

"சார், இது என் நிபந்தனை எல்லாத்துக்கும் அடங்குது. ஆனா நிக்காது. சுத்திக்கிட்டே இருக்கும். நிரூபணத்துல மட்டும் ஓட்டை இல்ல, என் தேற்றமே தப்பு."

"அடடா" என்றார் துறைத்தலைவர், யாரோ தேநீரைக் கொட்டிவிட்டதுபோல.

அக்கா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் தர்க்கம் படித்தவள்.

"உங்களோடதிலிருந்து என்னோடது வந்துரும்னு சொன்னீங்களே சார். என்னோடது தப்பு. அப்படின்னா உங்களோடதும்…"

முடிக்கவில்லை. கடைசி வரிசையில் யாரோ முடித்துப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சுருக்கத்தின் முகம் வெளுத்தது. "தானா வரும்னா, அப்படியே வரும்னு அர்த்தம் இல்ல" என்று ஆரம்பித்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகவே சுருக்கமாக உட்கார்ந்தார்.

அந்த அமைதியில் முடிவிலி விழித்துக்கொண்டார். "இதை முடிவிலிக்கு நீட்டலாமா?"

"நீட்டலாம் சார். அங்கயும் தப்பாதான் இருக்கும்."

5

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அம்மாவுக்குத் தர்க்கம் தெரியாது, உலகம் தெரியும்.

"அங்க இருந்தவங்க யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"யாருமே பாக்கலைன்னா நீ ஏன்டி வாயத் தொறந்தே?"

"நான் பாத்தேனேம்மா."

அம்மா சோற்றைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டாள்.

மறுநாள் துறைத்தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "தப்பை நீங்களே சொன்னது பெரிய மனசும்மா. குழுவுக்கு உங்க மேல நல்ல எண்ணம்தான். ஆனா அவர் ரொம்ப நொந்துபோயிட்டாரு. 'உங்க தேற்றம் சரியானது'ன்னு அவருக்கு ஒரு வரி மெயில் போட்டுருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"சரியான்னு எனக்குத் தெரியாதே சார்."

"என்னம்மா இது, இத்தனை வருஷமா எல்லாரும் ஒத்துக்கிட்டதாச்சே?"

"படிச்சுப் பாத்துட்டா ஒத்துக்கிட்டாங்க சார்?"

அந்தப் பக்கம் ஒரு புன்னகையின் சத்தம் மட்டும் கேட்டது.

6

அக்கா படித்தாள். மேற்கோள் காட்டிய அத்தனை பேரிலும் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன, தப்பா?"

"சரிடா! நூத்துக்கு நூறு சரி. இவர் சொல்ற அஞ்சு நிபந்தனைக்கு அடங்குற புரோகிராம் எதுவா இருந்தாலும் நின்னுரும்."

"அப்புறம் ஏன் சிரிக்கிற?"

"மூணாவது நிபந்தனைப்படி அது ஒரு தடவையாவது சுத்தணும். அஞ்சாவதுபடி ஒரு தடவைகூட சுத்தக் கூடாது. அதையே வேற வார்த்தையில எழுதியிருக்காரு. அப்படி ஒரு புரோகிராம் இந்த உலகத்துலயே இல்லடா. என் வீட்டுக்கு வந்த யானை எல்லாம் பாட்டுப் பாடும்னு சொல்ற மாதிரி. யானை வந்ததே இல்ல, அதனால பொய்னு யாரும் சொல்ல முடியாது. என் தேற்றம் இதிலிருந்து வரவும் வராது."

"அப்போ பிரச்சனை தீந்துச்சு. சரின்னு எழுதிடு. உண்மைதானே?"

"முழுக்க உண்மை. பொய் சொல்றதுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது" என்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

7

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், மொத்தக் குழுவும் எழுந்து நின்று கைதட்ட, சுருக்கம் கண்ணீர் மல்க அக்காவை மகளே என்று

இன்னொன்றில், வேலை போய், மழையில், குடையும் இல்லாமல் அக்கா

"ஒண்ணுல நான் தெய்வம், இன்னொண்ணுல நான் பொணம்" என்றாள் அக்கா. "நடுவுல ஒரு மனுஷி இருக்கக் கூடாதா?" இரண்டையும் அடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அக்கா கணினி முன் உட்கார்ந்து, 'சரியானது' என்பதுவரை தட்டச்சு செய்தாள். அம்மா பின்னால் வந்து நின்றாள். நானும் நின்றேன். எங்கள் இருவர் மனமும் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை வேண்டிக்கொண்டிருந்தது. அக்காவின் விரல் விசைப்பலகைக்கு மேலே நின்றது.

அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. இத்தனை நேரம் நீங்களும் முதல் வரிசையில் உட்கார்ந்துதானே தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள்? எழுந்து வாருங்கள். முற்றுப்புள்ளி வைத்தால் அந்த நாற்காலி உங்களுக்கு. ஓய்வு பெறும்வரை துறைத் தாழ்வாரத்தில் சுருக்கம் சொல்லும் வணக்கமும் உங்களுக்கே. 'ஆனால்' என்று தொடர்ந்தால், அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

இடம் விட்டிருக்கிறேன்:

மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் தேற்றத்தை முழுமையாகப் படித்தேன். அது சரியானது