பொருந்தாத காயில்

கடைக்காரர் மீட்டரின் இரண்டு முனைகளையும் இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் புதுக் காயிலின் தலையில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவள் அப்பாவின் காரிலிருந்து கழற்றித் துணிப்பையில் கொண்டுவந்திருந்த பழைய காயிலும் இதுவும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். அதே உயரம், அதே கறுப்பு டப்பா. உள்ளேதான் வேறு என்றார். இது ரெசிஸ்டர் வைத்த வண்டிகளுக்கானது, மின்தடை ஒன்றரை ஓம்தான். அவளுடைய அப்பாவின் வண்டிக்கு மூன்று ஓம் வேண்டும். தனியாக ஒரு ரெசிஸ்டர் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமென்றால் அதுவும் கடையில் தீர்ந்துபோயிருந்தது.

"மாட்டினா ஓடும்மா. ஆனா கரண்ட்டை ரெண்டு மடங்கு இழுக்கும். அரை மணி நேரத்துல சூடாகிப் படுத்துடும். சரியானது அடுத்த வாரம் வந்துடும். அவசரமா?"

அப்பாவைப் பார்க்கக் காலையில் வந்த டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, இன்றோ நாளையோ என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் இதையே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பச்சை வண்டிக்கு அவளைவிட வயது அதிகம். அப்பா அதை 'மூத்த பொண்ணு' என்றுதான் சொல்வார். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தும் இவளுக்கு வீட்டில் இரண்டாவது இடம்தான் வாய்த்தது. அவர் படுக்கையில் விழுந்த வாரமே மூத்தவளும் ஷெட்டில் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான், வண்டி ஓடுதா என்று. ஏறி உட்காரும் ஆசையெல்லாம் அவருக்குப் போய்விட்டது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும்.

அவள் வீடு திரும்பியபோது அறையில் மதிய வெயில் இருந்தது. ஷெட்டிலிருந்து மூக்கை வெளியே நீட்டி நின்ற வண்டியின் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து கூரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. மருந்து அவரை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்து, ஆற்றுப் பாலம் வந்துவிட்டது என்றார். பக்கத்தில் இருந்த அம்மா, ஆமாம், மெதுவாகப் போங்கள் என்றாள். முன் சீட்டில் உட்கார்ந்து ஆயுசெல்லாம் சொன்னதுதானே. பிறகு வெந்நீர் வைக்க எழுந்து போனாள்.

அப்பா கையை நீட்டினார். மகள் காயிலைக் கொடுத்தாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தனை ஓம்?"

மூன்று என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒன்றரைப்பா," என்றாள்.

"இது நம்ம வண்டிக்குச் சேராதே."

"சரியானது அடுத்த வாரம் வரும்பா. அதுவரைக்கும்..."

அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் என்று தினமும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவளேதான். இப்போதே இதை மாட்டலாம் என்றால், கொடுத்த வாரத்தை அவள் கையாலேயே பிடுங்கியதாகிவிடும். காத்திருக்கலாம் என்றாலோ, அந்தச் சத்தம் கேட்காமலே போய்விடுவார். சண்டாளி, என்னத்துக்கு இதைக் காட்டினாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்பா காயிலை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். திரைச்சீலை உப்பி உப்பி அடங்கியது. தூங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அரை மணி நேரம் தாங்கும்ல?"

"தாங்கும்பா."

"போதும். மாட்டச் சொல்லு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "எத்தனை ஓம்னு அம்மாகிட்ட சொல்லாத."

மெக்கானிக்குக்கு சைலன்சர் என்று பெயர் வைத்ததும் அப்பாதான், ஒரு வேலைக்கு ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான் என்பதால். அவன் காயிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் மாட்டினான். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பெட்ரோல் வாசம் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தது.

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்தாள். "பாத்தீங்களா, உங்க மூத்த பொண்ணு எழுந்துட்டா," என்று சிரித்தாள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. போர்வைக்குள் அவருடைய வலது பாதம் மெல்ல அழுந்தியது, தளர்ந்தது, மறுபடி அழுந்தியது. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, வளைவில் ஹாரன் அடிக்கச் சொன்னாள், எதிரில் லாரி வருகிறது என்றாள், கடற்கரைக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று குறைபட்டாள். மகள் கால்மாட்டில் நின்றிருந்தாள். வெளிச்சம் கூரையில் ஓடிக்கொண்டே இருந்தது. அறை எப்போதோ கிளம்பிவிட்டதுபோலத்தான் இருந்தது.

பாதம் நின்றது. அவள் காத்திருந்தாள். அடுத்த அழுத்தம் வரவில்லை. போர்வையின் மேல் கை வைத்துப் பார்த்தாள். அவர் மார்பையும் பார்த்தாள். வெளியே வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

சைலன்சர் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, காயில்ல கை வைக்க முடியல. ஆஃப் பண்ணிடட்டா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"வேண்டாம். ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

அம்மா அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே, வெயில் தாழ்ந்ததும் திரும்பிவிடலாம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.