அக்கா ஃபோல்டர்

பேய்க்குக் குரல் கொடுக்க அக்காவை விட்டால் ஆளில்லை என்று தம்பி முடிவு கட்டியபோது, அக்காவின் குரலுக்கு இன்னும் சில நாட்களே ஆயுள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்டையில் கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுத்தால்தான் உயிர் தப்பும்.

அக்காவுக்குப் பிழைப்பே குரல்தான். பெரிய துணிக்கடையில் மைக் பிடித்து அறிவிக்கிற வேலை. "மஞ்சள் சட்டை அணிந்த சிறுவன் மாடியில் அழுதுகொண்டிருக்கிறான், பெற்றோர் உடனே வரவும்" என்று அவள் சொன்னால், மஞ்சள் சட்டையே வாங்கித் தராதவர்கள்கூடத் தங்கள் பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

வேலை போவதைப் பற்றி அவள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. பில் போடும் இடத்துக்கு மாற்றித் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். கவலையெல்லாம் மகள் குட்டியைப் பற்றித்தான். இன்னும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அப்பா பிரிந்து போய்விட்டார். எழுத்துக் கூட்டத் தெரியாதவளிடம் அம்மா எழுதிக் காட்டியா பேச முடியும்?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிறவர் ஒரு வழி சொன்னார். போனில் ஓர் ஆப் இருக்கிறது. சத்தமில்லாத இடத்தில் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து அதில் ஏற்றினால், உங்கள் குரலை அது கற்றுக்கொள்ளும். பிறகு நீங்கள் டைப் செய்யச் செய்ய, உங்கள் குரலிலேயே பேசும்.

"அதுக்குத்தான் நம்ம டைரக்டர் இருக்காரே" என்றாள் அக்கா.

டைரக்டர் என்பது தம்பிக்கு அவள் வைத்த பட்டப்பெயர். கல்லூரியில் கடைசி வருடம். தேர்வுக்கு ஒரு திகில் பட டிரெய்லர் எடுத்துக் காட்ட வேண்டும். படம் கிடையாது, டிரெய்லர் மட்டும். "கல்யாணமே இல்லாம பத்திரிகை மட்டும் அடிக்கிறீங்க" என்று அக்கா கேலி செய்வாள்.

துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, தம்பி ஓர் ஒலிப்பதிவு அறை தயார் செய்தான். அக்கா உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல பேயா, மனுஷியா?"

"பேயை முடிச்சிருவோம்க்கா. அது கொஞ்சம்தான்."

"பேய்க்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"அது செத்துப் போச்சுக்கா."

"அது தெரியுது. செத்த பிறகும் தம்பி தொல்லை விடலையான்னு கேட்டேன்."

விடவில்லை. கதைப்படி, இறந்துபோன அக்கா ஒருத்தி வீட்டுக்குத் திரும்பி வந்து தம்பியைக் கூப்பிடுகிறாள். அந்தப் பேய்க்குப் பெயர் வைக்கவில்லை. ஸ்கிரிப்டில் எல்லா இடத்திலும் 'அக்கா' என்றே எழுதியிருந்தான்.

பேயின் வசனங்கள் முடிந்ததும் ஆப்புக்கான வாக்கியங்களைப் படித்தாள். கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு, தானாகவே பேசினாள்.

"குட்டி, எந்திரி. விடிஞ்சிருச்சு பாரு. பல்லு தேய்ச்சியா? எங்க, ஈன்னு காட்டு." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "பயப்படாத. அம்மா இங்கதான் இருக்கேன்."

தம்பி ஹெட்போனைக் கழற்றினான். பிறகு எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் போட்டு, 'அக்கா' என்று பெயர் கொடுத்தான். இரண்டுமே அவள் குரல்தானே என்று நினைத்துக்கொண்டான். ஆப்பில் ஏற்றுவதை டிரெய்லர் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தான்.

ஒலி வேலையெல்லாம் டப்பாவுடையது. டப்பா என்பது அவன் நண்பன். எங்கே போனாலும் ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். சாதாரணக் குரலைப் பேய்க்குரலாக்க அவன் ஒரு செட்டிங் செய்து வைத்திருந்தான். சுருதி கீழே இறங்கும், அதே குரல் தலைகீழாகப் பின்னால் முனகும், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலிக்கும். வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டுக் காட்டியபோது, குட்டி ஓடிப்போய் ஃப்ரிஜுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரு மாமா அது?"

"அது அக்கா. பேய். சும்மா, விளையாட்டுக்கு" என்றான் தம்பி.

அன்றிலிருந்து லேப்டாப்பைத் திறந்தாலே குட்டி, "அக்கா வராங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அறைக்குள் வருவாள்.

அறுவை சிகிச்சையும் டிரெய்லரைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில், மருந்துச் சீட்டும் கையுமாக நின்றான். லேப்டாப் டப்பாவிடம் இருந்தது. அவனிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், பேய் செட்டிங் எதுக்கெல்லாம் போடணும்?"

"அக்கா வாய்ஸுக்குடா."

"அக்கா ஃபோல்டர்ல நிறைய கிடக்கே. எல்லாத்துக்குமா?"

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "எல்லாத்துக்கும் போட்டுத் தொலைடா. நான் அப்புறம் பேசறேன்."

"லேப்டாப்ல இடமே இல்லடா. பழசு மேலயே சேவ் பண்ணிடவா?"

"பண்ணு, பண்ணு."

டப்பா சொன்னதைச் செய்தான். மொத்த ஃபோல்டரையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டு. அக்கா பேசியதெல்லாம் முதலில் பதிவாகியிருந்த, ஒலிப்பதிவுக் கருவியின் கார்டையும் அன்றே அழித்து, விட்டுப்போன ஒரு காட்சிக்காகக் காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் அதில் பதிவு செய்துகொண்டான். அவர்களிடம் இருந்தது அந்த ஒரு கார்டுதான். எப்போதும் அப்படித்தான் வேலை செய்வார்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கழுத்தில் துளையோடு வீட்டுக்கு வந்ததும், போனில் முதலில் டைப் செய்து தம்பியிடம் நீட்டியது இதைத்தான்: 'என் குரலை ஏத்தியாச்சா?'

"இதோ, இன்னைக்கே ஏத்திடறேன்க்கா."

ஹெட்போனை மாட்டி ஃபோல்டரைத் திறந்தான். முதல் கோப்பு கிணற்றுக்குள்ளிருந்து முனகியது. அடுத்ததும் அப்படியே. வரிசையாகத் தட்டிக்கொண்டே கடைசிக்கு வந்தான்.

"பயப்படாத. அம்மா இங்கதான் இருக்கேன்" என்றது பேய்.

டப்பா ஓடி வந்தான். விஷயம் புரிந்ததும் அவன் முகம் வெளுத்தது. "நீதானடா எல்லாத்துக்கும்னு சொன்ன? நான் எல்லாமே பேயக்கான்னு நினைச்சேன்."

"நானும் பேயைத்தான்டா சொன்னேன்."

இதற்கு மேல் சண்டை போட ஒன்றும் இல்லை. ஒலிப்பதிவு சொல்லித்தரும் சாரிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டு ஹெட்போனை மெதுவாக மேசையில் வைத்தார்.

"டீயில கரைஞ்ச சர்க்கரையைத் திருப்பிக் கேக்கறீங்களேப்பா."

"கார்டுல இருந்து எடுக்க முடியாதா சார்?"

"அழிச்சதை எடுக்கலாம். அழிச்ச இடத்துல வேற எழுதிட்டா, எடுக்க என்ன இருக்கு?"

போனில் இருந்த வீடியோக்களைத் துழாவினார்கள். அக்கா பேசுகிற இடத்திலெல்லாம் டிவி அலறியது, அல்லது குட்டி அலறினாள். ஆப் ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பியது. டப்பா பேயாகிப்போன கோப்புகளையே திரும்ப எடுத்து, சுருதியை ஏற்றினான், எதிரொலியைச் சுரண்டினான், முனகலை அமுக்கினான். கல்லூரிக்கே போகாமல் அதிலேயே கிடந்தான்.

இதற்கிடையில் டிரெய்லரைத் திரையிட்டார்கள். 'அக்கா' கூப்பிட்ட இடத்தில் அரங்கில் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் எவனோ அம்மாவைக் கூப்பிட்டான். மொத்த அரங்கும் கைதட்டியது. வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர், "படத்தை விடுங்க. அந்தக் குரலை எங்கே பிடிச்சீங்க?" என்று கேட்டார். தம்பி மேடையிலிருந்து இறங்கிவிட்டான்.

அந்த வாரக் கடைசியில், டப்பா சுத்தம் செய்த கோப்புகளை ஆப் ஏற்றுக்கொண்டது. 'உங்கள் குரல் தயார்' என்று திரையில் வந்தபோது, டப்பா ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டே எழுந்து நின்றான்.

"முதல்ல நாம கேட்டுப் பார்க்கலாம்க்கா" என்றான் தம்பி.

அக்கா கேட்கவில்லை. குட்டியை எதிரே உட்காரவைத்திருந்தாள். தலை வாரி, பவுடர் போட்டு, ஏதோ விருந்தாளி வரப்போவது போல. "அம்மா பேச்சு போன்ல வரும்" என்று தம்பி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால், குட்டியும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அக்கா டைப் செய்து, சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினாள்.

"குட்டி, இங்க வா."

சொற்கள் தெளிவாகத்தான் வந்தன. அக்காவின் இழுப்பு, அந்த 'வா'வில் அவள் தரும் சின்ன ஏற்றம், எல்லாம் இருந்தது. அடியில் கிணறும் இருந்தது.

குட்டி ஃப்ரிஜுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அக்கா அவசரமாக மறுபடி டைப் செய்தாள். தம்பி தடுப்பதற்குள் அழுத்தியும் விட்டாள்.

"பயப்படாத. அம்மா இங்கதான் இருக்கேன்."

ஃப்ரிஜுக்குப் பின்னாலிருந்து அழுகை வெடித்தது. டப்பா தன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனான்.

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள்; வெறும் காற்றுதான் வந்தது, அதுவும் கழுத்துத் துளை வழியாக. பிறகு எங்கெங்கோ தட்டினாள். 'இந்தக் குரலை நீக்கவா?' என்று திரை கேட்டது. தம்பி கையை நீட்டினான்.

"வேணாம்க்கா. இன்னும் கொஞ்சம் சரி பண்ணிப் பார்க்கறோம்."

அவள் அவன் கையைத் தள்ளிவிட்டு 'ஆம்' என்பதை அழுத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளைத் தட்டினாள். ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து மறுமுறை.

குட்டியின் தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"மாமா, அந்த அக்கா போயிட்டாங்களா?"

அக்காதான் தலையாட்டினாள்.

"இனி வர மாட்டாங்கல்ல?"

அதற்கும் அக்காவே தலையசைத்தாள். குட்டி ஓடி வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த போனைக் காலால் தள்ளிவிட்டாள்.